ஒரு விசைப்பலகையும் இரண்டு கணிப்பொறிகளும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வேப்பமரத்து மேசை இருக்கிறது. அப்பா அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தவர். அந்த அச்சகத்தை மூடியபோது கூலிப் பாக்கிக்கு ஈடாக வந்து சேர்ந்தது இந்த மேசை. இதன் இடப்புற மூலையில் அச்சு மையின் கறை இன்றும் இருக்கிறது. அம்மா எத்தனையோ முறை தேய்த்துப் பார்த்தும் அது போகவில்லை.

அந்த மேசைமேல் இப்போது இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. ஆனால் விசைப்பலகை ஒன்றுதான். சுட்டியும் ஒன்றுதான். வீட்டுக்கு வரும் நண்பர்கள் இதைக் கண்டதும் சிரிப்பார்கள். "இரண்டு வீடு கட்டி ஒரு கதவு வைத்த கதையாக அல்லவா இருக்கிறது!" என்றான் ஒருவன். அவன் சொன்னது உண்மைதான். அந்த ஒற்றைக் கதவால் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் அந்த இரண்டு கணிப்பொறிகளையும் உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன்.

ஒன்று முதியது. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடுகிறது. 2014 ஏப்ரல் மாதத்தோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிற்று. ஆகையால் அதை நாங்கள் இணையத்தின் பக்கமே விடுவதில்லை. அப்படியானால் அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அதில்தான் பேஜ்மேக்கர் இருக்கிறது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பு அது. அதற்குப் பிறகு அதில் புதிய பதிப்பே வரவில்லை. எங்கள் ஊரில் பலருடைய திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்தக் கணிப்பொறியின் வயிற்றில்தான் கிடக்கின்றன. "அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாதிரி வேணும்" என்று ஒருவர் வந்து நின்றால், பழைய கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

மற்றொன்று மடிக்கணினி. 2015-இல் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அரசு விலையில்லாமல் வழங்கியது. ஒருநாள் மோர் கொட்டி அதன் விசைகளில் பாதி செத்துவிட்டன. திரை மட்டும் நன்றாகவே இருக்கிறது. இணையம், கடிதம், வாட்ஸ்அப், என் தேர்வு விண்ணப்பம் எல்லாம் அதில்தான்.

அக்கா வணிகவியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தவள். இரண்டாம் ஆண்டில் அப்பா படுத்த படுக்கையானார். வந்துகொண்டிருந்த அச்சு வேலைகளைக் கைவிட மனமின்றி அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். 2019-இல் அப்பா மறைந்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை. நான் இந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன் என்றால், அதற்கு அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே காரணம். இதை விரித்து எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

"ஒரு விசைப்பலகை நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இரண்டாவதாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். வாங்கித்தான் வைத்திருந்தோம். மேசையில் ஒன்றும், இழுப்பறையை வெளியே இழுத்து அதன்மேல் ஒன்றுமாக இருந்தன. தொல்லை என்னவென்றால், அக்காவுடைய வேலைக்கு இரண்டு கணிப்பொறிகளும் ஒரே நேரத்தில் வேண்டும். வாடிக்கையாளர்கள் விவரங்களைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். மடிக்கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். பழைய கணிப்பொறியில் அதை அடிக்கவேண்டும். ஒரு பெயர் விளங்காவிட்டால் மறுபடியும் மடிக்கணினிக்கு வந்து கேள்வி அனுப்பவேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை கை மேலும் கீழும் போய்வரும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைதான். இழுப்பறையில் இருந்தது இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது அதன் இடைவெளி விசை தனியே ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அப்போதுதான் சென்னையில் வேலை பார்க்கும் மாமா மகன் ரிச்சி தெருவில் 600 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். பெட்டி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு குளியல் சோப்பு அளவுதான் இருக்கும். விசைப்பலகையையும் சுட்டியையும் அதில் செருகவேண்டும். அதிலிருந்து இரண்டு வடங்கள் புறப்பட்டு இரண்டு கணிப்பொறிகளுக்கும் போகின்றன. மேலே ஒரு பொத்தான், பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள். ஒன்றாம் விளக்கு எரிந்தால் விசைப்பலகை பழைய கணிப்பொறியோடு பேசுகிறது. பொத்தானை அழுத்தினால் இரண்டாம் விளக்கு எரியும். அப்போது மடிக்கணினியோடு பேசும். திரையையும் சேர்த்து மாற்றும் பெட்டிகளும் கடைகளில் உண்டு. அவற்றுக்குக் கே.வி.எம். சுவிட்ச் என்று பெயர். எங்களுக்கு இரண்டு திரைகளையும் ஒருசேரப் பார்க்கவேண்டி இருந்ததால் இதுவே போதுமானதாயிற்று.

இதன் உள்ளே நடப்பது மிக எளிய செய்திதான். பொத்தானை அழுத்தியவுடன் ஒரு கணிப்பொறி, தன்னிடமிருந்து விசைப்பலகையை யாரோ பிடுங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. மற்றது, யாரோ புதிதாக ஒரு விசைப்பலகையைக் கொண்டுவந்து செருகியதாக எண்ணிக்கொள்கிறது. "நீ யார்?" என்று அது கேட்க, விசைப்பலகை தன் பெயரைச் சொல்ல, பேச்சு முடிய ஒன்றிரண்டு வினாடிகள் ஆகின்றன. அந்த வினாடிகளில் நாம் அடிக்கும் எழுத்துகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிடுங்கப்பட்ட கணிப்பொறியின் திரையில், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் அந்தச் சிறு கோடு துடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆள் எழுந்து போனாலும் அதற்குத் தெரியாது. வேறு ஆள் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது.

அக்காவும் நானும் அந்தப் பலகையைப் பயன்படுத்தும் முறை வேறு வேறு. அவள் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் தமிழ் பழகியவள். பழைய எழுத்துருவில், தட்டச்சு முறையிலேயே அடிப்பாள். 'தமிழ்' என்று எழுத அவள் முதலில் அழுத்தும் விசைகள் ஆங்கிலத்தில் ஜே, கே, பி. எழுத்துருவை நீக்கிவிட்டுப் பார்த்தால் திரையில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் பொருளற்றுக் கிடக்கும். நான் தமிழ்99 முறையில் அடிக்கிறவன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்தது. அவளுக்குத் 'த' ஆகும் ஜே விசை எனக்குப் 'ப' ஆகிறது. அவளுக்குப் புள்ளி வைக்கும் அரைப்புள்ளி விசை எனக்கு 'ந'. விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அது சொல்கிறது. பொருள் கொள்வது கணிப்பொறியின் வேலை. கே விசை மட்டும் எங்கள் இருவருக்குமே 'ம'. அதனாலோ என்னவோ, எங்கள் விசைப்பலகையில் முதலில் எழுத்துத் தேய்ந்துபோனது அந்த விசைதான்.

வரலாற்று மாணவன் என்பதால் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுட்டி என்பதை உலகம் முதன்முதலாகப் பெருங்கூட்டத்தில் கண்டது 1968 டிசம்பர் 9-ஆம் நாள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் அதைச் செய்து காட்டினார். அவர் மேடையில் உட்கார்ந்து சுட்டியை நகர்த்தினார். ஆனால் கணிப்பொறி அந்த ஊரிலேயே இல்லை. ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்தது. கை ஓரிடத்தில் இருக்க, பொறி வேறிடத்தில் இருக்கலாம் என்பது சுட்டியின் பிறப்பிலேயே உள்ள செய்தி போலும்!

கணிப்பொறித் துறையில் படிக்கும் நண்பன் ஒருமுறை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, பெட்டி கூட இல்லாமல் இதே வேலையைச் செய்து காட்டினான். இரண்டு கணிப்பொறிகளும் ஒரே வலையமைப்பில் இருந்தால் போதுமாம். சினெர்ஜி என்னும் மென்பொருள் 2001-இலேயே வந்துவிட்டது. மைக்ரோசாப்ட் 2011-இல் அத்தகைய ஒன்றை வெளியிட்டது. ஆப்பிள் 2022-இல் தன் பொறிகளுக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தது. சுட்டியின் அம்பை ஒரு திரையின் விளிம்புக்குத் தள்ளினான். வரப்புத் தாண்டும் ஆட்டுக்குட்டி போல அது அடுத்த திரையில் போய் நின்றது. விசைப்பலகையும் அதன் பின்னாலேயே போயிற்று. ஒரு திரையில் நகலெடுத்த வரியை மறு திரையில் ஒட்டவும் முடிந்தது. எனக்குப் பெருவியப்பு. ஆயினும் வீட்டுக்கு அது பயன்படாது. பழைய கணிப்பொறியை எந்த வலையிலும் சேர்ப்பதில்லை என்பது அக்காவின் சட்டம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம். ஆடி முழுதும் படுத்திருந்த வேலை ஆவணி பிறந்ததும் எழுந்து ஓடத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. மாலையில் மடிக்கணினியில் கட்டணப் பக்கத்தைத் திறந்து பதிவெண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கைப்பேசி ஒலித்தது. பெண் வீட்டார் பேசினார்கள். முகூர்த்த நேரத்தை மாற்றிவிட்டார்களாம். ஐந்து மணிக்கு மேல் ஆறரை மணிக்குள் என்று இருந்ததை, ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள் என்று ஆக்கவேண்டும். அன்றிரவே அச்சுக்குப் போகவேண்டும்.

"ஒரு நிமிஷம் தள்ளுடா" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பொத்தானை அழுத்தினாள். ஐந்தை ஆறாக்கினாள். அடுத்த ஆறை அழித்து ஏழு போட்டாள். அதற்குள் கைப்பேசியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கவே, "இருங்க, வெளிய வந்து பேசறேன்" என்று வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கண் மடிக்கணினித் திரையில் இருந்தது. பதிவெண்ணின் கடைசி எண் ஒன்பது. நான் ஆறு என்று அடித்திருந்தேன். அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தி, ஒன்பதை அடித்தேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. குனிந்து பார்த்தால் பெட்டியில் ஒன்றாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓகோ என்று பொத்தானை அழுத்தினேன். மீண்டும் அழித்தேன், மீண்டும் ஒன்பதை அடித்தேன். கட்டணம் கட்டி முடித்தேன்.

முதலில் நான் அழுத்திய அந்த இரண்டு விசைகள் எங்கே போயின என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா திரும்பி வந்தாள். அவசரம். முதல்நாளே வாடிக்கையாளர் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். மாற்றியது நேரம் மட்டுந்தான். அதையும் தன் கையால் மாற்றியாயிற்று. கோப்பைச் சேமித்துப் பென் டிரைவில் ஏற்றி, அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் பெண்ணின் தந்தை வந்தார். கையில் நான்கு மூலையும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். சாமி முன்னால் வைத்துவிட்டு எடுத்துப் படித்தபோதுதான் பார்த்தாராம். "காலை 6.00 மணிக்கு மேல் 9.30 மணிக்குள்" என்று அச்சாகியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "ஏம்மா, மூணரை மணி நேரமா தாலி கட்டறது?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முந்நூறு அழைப்பிதழ்கள். மறுபடியும் அட்டை, மறுபடியும் அச்சு, மறுபடியும் மடிப்புக் கூலி. 4,200 ரூபாய் ஆயிற்று. அக்கா சமையலறைப் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். அது என்ன பணம் என்று எனக்குத் தெரியும். விட்ட வணிகவியலைத் தொலைநிலைக் கல்வியில் தொடர்வதற்காக இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பணம். அந்த மாதத்தோடு சேர்க்கை முடிகிறது என்றும் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தைப் பதிவிறக்கிக் கொடுத்தவனே நான்தான்.

அன்றிரவு படுத்திருந்தபோது அந்த ஒன்பது என் நினைவுக்கு வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நண்பர்களே, அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் புதிய அழைப்பிதழ்களை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து மடித்தேன். மாலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் என்மேல் எரிந்து விழுந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் சாக்குத்தானோ என்னவோ! அம்மா ஒருநாள், "கண்ணு மங்குதோ என்னமோ, ஆஸ்பத்திரில காட்டிட்டு வாடி" என்றாள். அக்கா, "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கல்லூரியிலும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வாரம் நடந்த உள்தேர்வுத் தாளைத் திருத்திய ஆசிரியருக்கு அது தெரிந்திருக்கும்.

சேர்க்கைக்குரிய நாள் கடந்தது. மறுநாள் பார்க்கிறேன், நிரப்பாத அந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பழைய திரையின் ஆடும் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்தபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

"அக்கா, அந்த ஒன்பது நான் அடிச்சது."

அவள் திரும்பவில்லை. விரல்களும் நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ஏழுக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் எட்டு. என் விரல் தப்பினா ஆறுல விழும், இல்ல எட்டுல விழும். ஒன்பதுல எப்படிடா விழும்? அதுவும் ஏழை அழிச்சிட்டுல்ல ஒன்பது வந்திருக்கு."

பத்து ஆண்டுகள் தட்டச்சு செய்த விரல்களுக்குத் தாங்கள் செய்யக்கூடிய தவறுகள் எவை, செய்யமுடியாத தவறுகள் எவை என்று தெரிந்திருக்கிறது. எனக்கு இது உறைக்கவே இல்லை.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பதினோரு நாளாச்சு."

அவளும் எண்ணியிருக்கிறாள்! நான் அழுதேனா இல்லையா என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அப்பாவா இருந்தா, ஒரு புள்ளி மாத்தினாக்கூட முழுசாப் படிக்காம அனுப்ப மாட்டாரு. நான் படிக்காம அனுப்பினேன். அதனால பாதித் தப்பு என்னுது. மீதிப் பாதிக்கு நீ காசு கொடு."

கொடுத்தேன். மளிகைக் கடை ஒன்றில் மாலை நேரங்களில் கணக்கு ஏற்றும் வேலைக்குப் போய், இரண்டு மாதத்தில் 2,100 ரூபாயைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டேன். அவள் எண்ணிப் பார்த்துத்தான் மூடினாள்.

பெட்டியில் சில மாற்றங்கள் செய்தோம். ஒன்றாம் விளக்கின் பக்கத்தில் அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். அழிக்கும் விசையைத் தொடுமுன் பொட்டைப் பார் என்பது எனக்குக் கட்டளை. அவளுக்கும் ஒரு விதி உண்டு. நாற்காலியை விட்டு எழும்போது பேஜ்மேக்கரில் எழுத்துக் கருவியை விட்டு அம்புக் கருவிக்கு மாறி, வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டுத்தான் எழவேண்டும். அப்போது துடிக்கும் கோடு இராது. தவறி யார் எதை அழுத்தினாலும் எழுத்து மாறாது. இதே போன்ற பெட்டி வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இந்த ஒன்றையாவது கைக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள் வழியாக இணைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே பார்த்து அறிய விளக்குக்கூட இல்லை.

இந்த ஆண்டு சனவரிச் சேர்க்கையில் அக்கா வணிகவியலில் சேர்ந்துவிட்டாள். முட்டுக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை எடுக்கவில்லை; புதிதாக ஒன்று பதிவிறக்கினோம். பழையதை எடுத்தால் திரை ஆடுகிறது. அவளுடைய ஒப்படைப்புகளை மடிக்கணினியில் அடிக்கவேண்டியிருக்கிறது. தமிழ்99 கற்றுக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். "என் விரலுக்கு இனிமே வேற தமிழ் வராது" என்றுவிட்டாள். யூனிகோடிலேயே தட்டச்சு முறையில் அடிக்க வழியிருக்கிறது. அதை நிறுவிக் கொடுத்தேன். ஆகவே மடிக்கணினிக்கும் இப்போது இரண்டு தமிழ். உட்கார்ந்ததும் யாருடைய தமிழ் ஓடுகிறது என்று வேறு பார்க்கவேண்டியிருக்கிறது. சென்ற வாரம் அவளுடைய தலைப்பில் நான் 'ப' என்று நினைத்து அழுத்தியது 'த' என்று விழுந்தது. இம்முறை உடனே சொல்லிவிட்டேன்.

மலர்க்குழுவினர் கட்டுரையைத் தட்டச்சு செய்து தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா இரண்டு முறை வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனாள். படித்தாளா என்று தெரியவில்லை. நாளை அவள் ஒப்படைப்புக்குக் கடைசி நாள். இன்னும் நான்கு பக்கம் இருக்கிறதாம். நாற்காலியைக் கொடுக்கவேண்டும்.